தவில் அடிக்குப் பின் நாதஸ்வரம்: வால்வு ரேடியோவை ரசிப்பது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லை ஊர்களுக்குத் திருவனந்தபுரம் வானொலி பக்கத்தில்தான். 1943-இல் திருவிதாங்கூர் நிலையமாகத் தொடங்கி, 1950-இல் அகில இந்திய வானொலியோடு சேர்ந்த அதன் ஒலி, இந்த ஊர்களுக்கு முதலில் வால்வு ரேடியோ வழியாகத்தான் வந்தது. பரணிலிருந்து இறக்கிப் பழுதுபார்த்த பெட்டியைக் கேட்கிறவர்கள், 'வால்வு சத்தமே தனி இனிமை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இனிமைக்கு ஓர் எல்லை உண்டு. அது எங்கே, ஏன் முடிகிறது என்று காதால் பிடிப்பதில்தான் ரசனை தொடங்குகிறது.

பல ரேடியோக்களில் கடைசி வால்வாக வரும் ஈஎல்84-ஐ எடுத்துக்கொள்வோம். பிளேட்டில் 250 வோல்ட் இருக்கையில், ஒலியலையை ஏற்கும் அதன் கிரிட், எலெக்ட்ரான்களை உமிழும் கேத்தோடைவிடச் சுமார் 7.3 வோல்ட் கீழே நிற்கும். ஒலியலை அந்த இடைவெளிக்குள் ஆடும்வரை கிரிட் மின்னோட்டம் கேட்பதில்லை. அலை பெரிதானாலும் வடிவம் பெரும்பாலும் கெடாது. அலையின் உச்சியில் அந்த இடைவெளி சுழியை நெருங்கினால் கிரிட் எலெக்ட்ரான்களை இழுக்கத் தொடங்கும். முந்தைய வால்வு லட்சம் ஓம் கணக்கிலான மின்தடை வழியாக ஊட்டுவது. அதனால் ஈடுகொடுக்க முடியாமல் உச்சி மழுங்கும். இரு வால்வுகளுக்கும் நடுவிலுள்ள கன்டென்சரும் மின்னேற்றம் பெற்று, கிரிட்டை இன்னும் கீழே தள்ளிவிடும். 0.1 மைக்ரோஃபாரட் கன்டென்சரும் கிரிட்டில் 470 கிலோ ஓம் மின்தடையும் என்றால், அந்த ஏற்றம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறையவே சுமார் 47 மில்லி விநாடி ஆகும்.

இதைக் கேட்டறிய, ரேடியோவின் பின்புறப் பிக்-அப் இணைப்பில் ஒரு நாதஸ்வரப் பதிவைக் கொடுத்து, வால்யூமை மெல்லக் கூட்டுங்கள். முதலில் தவிலின் அடி கூர்மை இழக்கும். பிறகு பலத்த அடி ஒவ்வொன்றுக்கும் பின்னால், அந்த ஏற்றம் குறையும்வரை, நாதஸ்வரத்தின் நீண்ட சுரம் கணநேரம் அமுங்கி மீளும். எல்லை அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது.

வால்வின் இனிமையே திரிபுதானே என்று கேட்கலாம். ஓரளவு உண்மை. ஆனால் வால்வு மெல்லச் சேர்க்கும் இரண்டாம் ஹார்மானிக், மேல் ஸ்தாயியின் அதே சுரம், உறுத்தாது. உச்சி மழுங்கும்போது சுரத்தோடு ஒட்டாத உயர் ஹார்மானிக்குகளும் சேர்ந்துவிடுகின்றன. சில பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் வேண்டுமென்றே கிரிட் மின்னோட்டத்தில் ஓடுகின்றனவே என்பதும் நியாயமான கேள்வி. அவற்றில் வலுவான டிரைவர் வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் வழியாக அந்த மின்னோட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆகவே குற்றம் கிரிட் மின்னோட்டத்தில் இல்லை. கேட்டதைக் கொடுக்க இயலாத முன்கட்டத்தில் இருக்கிறது. ஒரு ரேடியோவை மதிப்பிடுகிறவர் கடைசி வால்வின் பெயரோடு நிற்காமல், அதை ஊட்டுவது எது என்றும் விசாரிக்க வேண்டும்.