உதைக்கும் துப்பாக்கி, தவறும் குறி

1986 ஏப்ரல் 11 அன்று காலை, மயாமி நகரின் தென்புறத்தில் எட்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இரண்டு வங்கிக் கொள்ளையரின் காரை மடக்கினார்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்ட அந்தத் துப்பாக்கிச் சண்டையில் பென் குரோகன், ஜெரி டோவ் என்ற இரு அதிகாரிகள் உயிரிழந்தார்கள், ஐவர் காயமடைந்தார்கள். கொள்ளையர் இருவரும் கொல்லப்பட்டார்கள். ஆனால் அவர்களில் மைக்கேல் பிளாட் என்பவன் விழுவதற்கு வெகுநேரம் பிடித்தது. அவன் காரைவிட்டு வெளியேறும்போதே டோவ் சுட்ட 9 மி.மீ. குண்டு ஒன்று வலது கையைத் துளைத்து நெஞ்சுக்குள் புகுந்தது; இதயத்தை எட்ட ஏறத்தாழ ஓர் அங்குலம் இருக்கையில் நின்றுபோனது. அதன் பிறகும் அவன் தன் ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான்.

அந்த ஓர் அங்குலம் அமெரிக்கக் காவல்துறையின் முப்பதாண்டுப் போக்கையே மாற்றிவிட்டது. ‘9 மி.மீ. போதாது, பெரிய காலிபர் (குண்டின் விட்டம்) வேண்டும்’ என்று கிளம்பிய எஃப்.பி.ஐ., 10 மி.மீ.க்குப் போய், அங்கிருந்து பாயிண்ட் 40க்கு (0.40 அங்குலம்) இறங்கி, கடைசியில் 2014இல் 9 மி.மீ.க்கே திரும்புவதென்று முடிவெடுத்தது. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்த இந்தப் பயணம் வீண் அலைச்சலா? முழுக்க வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் பாதித் தூரம் மிச்சமாகியிருக்கும். பட்ட குண்டு என்ன செய்யும் என்று எல்லோரும் ஆராய்ந்தார்கள். குண்டு படுமா என்ற கேள்விதான் பின்னுக்குப் போனது.

இந்தப் பார்வைக் குறைக்கு வயது அதிகம். பிலிப்பைன்ஸ் சண்டைகளில் அமெரிக்க ராணுவத்தின் பாயிண்ட் 38 ரிவால்வர் உள்ளூர் மோரோ வீரர்களைத் தடுத்து நிறுத்தவில்லை என்ற புகாருக்குப் பின், 1904இல் தாம்சன், லகார்டு என்ற இரு ராணுவ அதிகாரிகள் சிகாகோவின் இறைச்சிக்கூடங்களில் கால்நடைகள்மீதும், தனியே மனிதச் சடலங்கள்மீதும் பல அளவுத் தோட்டாக்களைச் சோதித்தார்கள். பாயிண்ட் 45க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். 1911இல் ஏற்கப்பட்ட புகழ்பெற்ற கோல்ட் பிஸ்டலுக்கு அந்தப் பரிந்துரைதான் அடித்தளம். அந்தச் சோதனையில் குறி தவற வாய்ப்பே இல்லை. கட்டிப்போட்ட மாட்டைக் கைநீட்டும் தூரத்தில் சுடுபவனுக்குப் பின்னுதைப்பு ஒரு பொருட்டல்ல. ஓடுகிற எதிரியை நோக்கி இரண்டாவது, மூன்றாவது முறை சுட வேண்டியவனுக்கு அதுவே முதற்பொருள்.

பின்னுதைப்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வழக்கமான 9 மி.மீ. குண்டின் எடை 8 கிராம். வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். பாயிண்ட் 40 குண்டின் எடை 11.7 கிராம்; வேகம் சுமார் 300 மீட்டர். இவற்றை வைத்துக் கணக்கிட்டால், குண்டு சுமந்துசெல்லும் ஆற்றலில் பாயிண்ட் 40க்கு மிகுதி வெறும் 7 விழுக்காடுதான். ஆனால் கைக்குத் திரும்பி வருவது உந்தம். எடையை வேகத்தால் பெருக்கினால் பாயிண்ட் 40இன் உந்தம் 25 விழுக்காடு அதிகம். ஒரே எடையுள்ள துப்பாக்கியில் உதையின் ஆற்றல் அந்த உந்தத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும் என்பதால், வெடிமருந்து வாயுவின் பங்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும், கை வாங்கும் உதை ஏறத்தாழ 57 விழுக்காடு கூடிவிடுகிறது. ஆற்றல் மட்டுமே ஒரு குண்டின் தகுதியைச் சொல்லிவிடாது; கனமான குண்டு கார்க் கண்ணாடி போன்ற தடைகளைக் கடந்து கூடுதல் உறுதியோடு போகும் என்பதும் உண்மை. ஆயினும் முன்னால் போவதற்கும் பின்னால் வருவதற்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வு, பெரிய காலிபர் பேச்சில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துப்பாக்கி உதைப்பதால் அந்தக் குண்டே குறி தவறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். 11 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடந்து வெளியேற ஆயிரத்தில் ஒரு விநாடிகூட ஆவதில்லை. அதற்குள் துப்பாக்கி பின்னோக்கி நகர்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு அசைவும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி நிகழ்வதால் குறிநோக்கியைச் சரிசெய்யும்போதே அதை ஈடுகட்டிவிடலாம். பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கிச் சுட்டால் 9 மி.மீ.க்கும் பாயிண்ட் 45க்கும் துல்லியத்தில் சொல்லும்படியான வேறுபாடு தெரியாது. குறியைக் கெடுப்பது நடந்த உதை அல்ல, வரப்போகும் உதை. பவுன்சர் வரும் என்று அஞ்சிப் பந்து வீசப்படுமுன்பே கண்ணை மூடும் மட்டையாளனைப் போல, சுடுபவரின் உடம்பு வெடிப்புக்கு முன்பே தற்காப்பில் இறங்கிவிடுகிறது. மணிக்கட்டு இறுகும், தோள் முன்னே தள்ளும், விரல் விசையை வெடுக்கென்று இழுக்கும்.

பயிற்சியாளர்கள் இதை வெளிக்கொண்டுவர ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். சுடுபவருக்குத் தெரியாமல் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு போலித் தோட்டாக்களைச் செருகிவிடுவார்கள். அவர் சுட்டுக்கொண்டே வருவார். போலித் தோட்டாவின் முறை வரும்போது ‘டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்கும். வெடிப்பும் இல்லை, உதையும் இல்லை. ஆனாலும் குழல்முனை சட்டென்று கீழே குத்தும். அதுவரை உதையின் ஆரவாரத்துக்குள் மறைந்திருந்த பிழை அந்த ஒரு கணத்தில் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். வலக்கைக்காரரின் குண்டுகள் குறிக்குக் கீழே இடப்பக்கமாகப் போய்ச் சேருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பிஸ்டலின் முன், பின் குறிநோக்கிகளுக்கு இடையே 16 சென்டிமீட்டர் அளவுதான் இடைவெளி. முன்நோக்கி ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் 25 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் கீழே போகும். உதை கூடக்கூட இந்த முன்னச்சமும் கூடும் என்பதே காலிபருக்கும் குறிக்கும் உள்ள முதல் உறவு.

இரண்டாவது உறவு நேரம் பற்றியது. குழல் கைப்பிடிக்கு மேலே இருப்பதால் உதை நேராகப் பின்னே வராமல் முனையை மேலே எற்றுகிறது. முனை திரும்ப இறங்கிக் குறியில் நிலைக்கும்வரை அடுத்த குண்டைப் பொறுப்போடு சுட முடியாது. இலக்குப் போட்டியில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சு வாங்கலாம். தெருச் சண்டையில் அந்த இடைவெளிதான் உயிர்.

இந்த இரண்டையும் விளையாட்டு உலகம் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் 7.62 மி.மீ. முதல் 9.65 மி.மீ. வரை எந்தக் காலிபரையும் பயன்படுத்தலாம். பெரும்பாலோர் கையில் இருப்பது மென்மையாக உதைக்கும் பாயிண்ட் 32தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டுகளில் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். குறி மட்டுமே மதிப்பெண் என்றால் யாரும் கூடுதல் உதையை விலை கொடுத்து வாங்குவதில்லை. ஓடி ஓடிச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிகள் வேறு வழி கண்டன. அங்கே குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கி ‘பவர் ஃபேக்டர்’ கணக்கிடுவார்கள். நடுப் பகுதியில் பட்டால் எல்லோருக்கும் 5 புள்ளி. சற்று விலகிப் பட்டால் வலிய தோட்டாவுக்கு 4, மெலிய தோட்டாவுக்கு 3. பெரிய காலிபர் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும்; அதற்கு ஈடாக உதையை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பண்டமாற்றை அந்த விதி ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது.

எஃப்.பி.ஐ.யின் சோதனைக்கூடத்தில் இந்தப் பண்டமாற்றின் ஒரு பக்கம் மட்டுமே எடைபோடப்பட்டது. 1987இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிக்கூடம் உள்ள குவாண்டிகோவில் கூடிய வல்லுநர்கள், குண்டு குறைந்தது 12 அங்குலம் ஊடுருவ வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். சதைக்கு ஈடான ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் முறை நிலைபெற்றது. அளவுகோல் நல்லதுதான். அதற்கு விடையாகத் தேர்ந்த 10 மி.மீ. தோட்டாதான் சிக்கல். அதன் முழு வேகம் பல அதிகாரிகளுக்குத் தாங்கவில்லை. அதற்கான துப்பாக்கியும் பெரியது, கனமானது. உடனே வெடிமருந்தைக் குறைத்து, வேகத்தைத் தணித்தார்கள். குறைத்த பின் 25 மி.மீ. நீளத் தோட்டாக் கூட்டுக்குள் வெற்றிடம் மிஞ்சியது. இவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று கேட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் வின்செஸ்டரும் அதைச் சுமார் 21.6 மி.மீ.க்கு வெட்டி, 1990இல் பாயிண்ட் 40ஐ அறிமுகப்படுத்தின. 9 மி.மீ. பிஸ்டலின் உடம்பிலேயே அடங்கிவிடும் பெரிய தோட்டா என்பது அதன் கவர்ச்சி. அதன் குறையும் அதுவே. உடம்பும் எடையும் மாறாமல் உந்தம் மட்டும் ஏறியதால், உதை வெடுக்கென்று வந்தது. எஃப்.பி.ஐ. 1997இல் பாயிண்ட் 40 குளாக் பிஸ்டலை ஏற்றது. நாட்டின் பெரும்பகுதிக் காவல்துறைகளும் அதே பாதையில் நடந்தன.

2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு எழுதிய நியாய விளக்கம் மறுபக்கத்தையும் தராசில் வைத்தது. துப்பாக்கிச் சூட்டு நிகழ்வுகளில் காவலர் சுடும் குண்டுகளில் 70 முதல் 80 விழுக்காடு தவறிப்போகின்றன என்று அது ஒப்புக்கொண்டது. ஒத்த அளவுள்ள துப்பாக்கிகளில், பெரும்பாலான அதிகாரிகள் 9 மி.மீ.யால் விரைவாகவும் துல்லியமாகவும் சுடுகிறார்கள் என்றது. மேகசினில் 15க்குப் பதில் 17 தோட்டா, குறைந்த விலை, குறைந்த தேய்மானம் என்பவை கூடுதல் ஆதாயங்கள். புதிய வகைக் குண்டுகளில் காலிபருக்குக் காலிபர் காயத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அடிப்படை வாதம். இந்த வாதம் எப்படிச் சாத்தியமானது என்பதை மறந்துவிடக் கூடாது. 1987இல் வகுத்த 12 அங்குல அளவுகோலை எட்டும்படி தயாரிப்பாளர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் குண்டுகளைத் திருத்தியதால்தான் 9 மி.மீ. தேறியது. பெரிய காலிபருக்காக வகுத்த தேர்வு சிறிய காலிபரைச் செம்மைப்படுத்திவிட்டது. முப்பதாண்டுச் சுற்றில் கிடைத்த உண்மையான பலன் அதுதான்.

ஆனால் ‘சிறிய காலிபரே நல்லது’ என்று முடித்துவிடுவதும் அதே பழைய பிழைதான். உதை காலிபரால் மட்டும் வருவதில்லை. 1.1 கிலோ எடையுள்ள எஃகு பிஸ்டலில் பாயிண்ட் 45 தரும் உதையைவிட, சட்டைப்பையில் அடங்கும் அரைக் கிலோ பிஸ்டலில் 9 மி.மீ. தரும் உதை ஆற்றலில் கூடுதல் என்று மேலே போட்ட அதே கணக்கு காட்டும். பெரிய குண்டுக்கு அஞ்சிக் குட்டித் துப்பாக்கி வாங்குபவர் உதையிலிருந்து தப்புவதில்லை.

நியூயார்க் காவல்துறை இதற்கு இன்னும் கடுமையான சான்று. அங்கே நெடுங்காலமாக 9 மி.மீ.தான். ஆனாலும் 1998 முதல் 2006 வரை நடந்த இருதரப்புத் துப்பாக்கிச் சண்டைகளில் அவர்கள் சுட்டவற்றில் சராசரியாக 18 விழுக்காடே குறியில் பட்டன என்று ரேண்ட் நிறுவனத்தின் ஆய்வு கண்டது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே இரு காவலர் 16 முறை சுட்டதில் வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தார்கள். குண்டாலோ சிதறலாலோ பட்ட அந்தக் காயங்கள் அத்தனையும் காவலர் தரப்பிலிருந்து வந்தவை. அவர்கள் துப்பாக்கிகளின் விசையை இழுக்க ஐந்தரைக் கிலோ அளவுக்கு அழுத்தம் தேவைப்பட்டது. தவறுதலாகச் சுட்டுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. தோட்டா மென்மையாக உதைத்தாலும், துப்பாக்கியின் எடையைவிடப் பலமடங்கு வலுவாக விசையை இழுக்க வேண்டியிருந்தால் குறி நிலைக்காது. அச்சமும் ஓட்டமும் கூட்டமும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம். எஃப்.பி.ஐ. காட்டிய 9 மி.மீ. ஆதாயம் சுடுதளத்தில் அளந்தது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

காலிபர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது? அதைக் கொள்முதல் ஆணை ஒன்றில் மாற்றிவிடலாம். பயிற்சியை அப்படி மாற்ற முடியாது. ஆண்டுதோறும் தோட்டாச் செலவும், பணிநேரமும், பயிற்சியாளரும் வேண்டும். மயாமியில் எதிரியிடம் ரைஃபிள் இருந்தது, பெரும்பாலான அதிகாரிகளிடம் கைத்துப்பாக்கிதான் இருந்தது. எஃப்.பி.ஐ. அதிகம் பேசியதோ 9 மி.மீ. குண்டைப் பற்றி. தோல்விக்குப் பின் பழிபோட எளிதான பொருளைத் தேடுவது நிறுவனங்களின் இயல்பு.

காலிபரைக் கடைசியில் வரும் கேள்வியாக வைப்பதே சரி. ஜெலட்டின் சோதனையில் தேறிய தோட்டாக்களைக் காவல்துறைகள் ஒரு வரிசையில் வைக்கட்டும். சிறிய கையுள்ளவர், புதிதாகச் சேர்ந்தவர், ஆண்டுக்குச் சில முறையே சுடுபவர் ஆகியோர் குறித்த நேரத்துக்குள் எதைக் கொண்டு அதிகம் பட வைக்கிறார்கள் என்று அளக்கட்டும். சிறந்த சுடுநர் எதைக் கொண்டும் சுடுவார். அவரை வைத்து ஆயுதம் தேர்ந்தால் மற்றவர்களின் தவறிய குண்டுகள் தெருவில் போகிறவர்மேல் பாயும். இன்றைய 9 மி.மீ. அந்தச் சோதனையில் பெரும்பாலும் வெல்லும். வென்றதும் மிச்சமாகும் தோட்டாச் செலவைப் பயிற்சிக்குத் திருப்பாவிட்டால், அடுத்த தோல்விக்குப் பின்னும் காலிபரைத்தான் மாற்றுவார்கள்.