பிறவியா, பயிற்சியா?

“கலை என்பது கருவிலே உருவாவது, அது கல்லூரியிலே கிடைக்குமா?” என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மகன் திரைக்கலை பயிலப் போகிறேன் என்றால் தந்தை கேட்கிறார். பட்டறிவு நிறைந்த படத்தொழிலாளர் கேட்கிறார். பரிசளிப்பு விழாவுக்கு வந்த நட்சத்திரமும், அந்தக் கல்லூரி மேடையில் நின்றுகொண்டே கேட்கிறார்! கேள்வி புதிதன்று. குயவன் மகன் பானைதான் வனைய வேண்டும், மணியாட்டுபவர் மகன் மணிதான் ஆட்ட வேண்டும் என்ற அதே பழைய பேச்சு, பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு படக்கொட்டகைக்குள் நுழைந்திருக்கிறது; அவ்வளவே. ‘பிறவிக் கலைஞன்’ என்று பாராட்டும்போதெல்லாம், அந்தச் சொல்லின் முற்பகுதிதான் நம் செவியில் உறைக்கிறது.

கல்லூரி இல்லாத காலத்தில் இந்தத் தொழிலை எவர் கற்றார், எப்படிக் கற்றார்? படநிலைய வாயிலில் காத்துக் கிடந்து கற்றார். யாரோ ஒரு மாமா, யாரோ ஒரு சித்தப்பா கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்தபிறகும், ஊதியம் உண்டோ இல்லையோ என்ற நிலையில், உதவியாளருக்கு உதவியாளராக ஆண்டுக் கணக்கில் நிற்க வேண்டும். அப்படி நிற்க எவரால் முடியும்? வீட்டில் அடுப்பெரியும் என்ற உறுதி உள்ளவரால் முடியும். மற்றவர்? ஒரு சிலர் பட்டினியை வென்று மேலே வந்தார்கள், மறுக்கவில்லை. வந்தவர் பெயரை நாம் அறிவோம். வராமலே திரும்பிய ஊர் எத்தனை, பேர் எத்தனை, எவர் கணக்கெடுத்தார்?

1919-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், மாஸ்கோவில் அரசே ஒரு திரைப்படப் பள்ளியைத் திறந்தது. படச்சுருள் பஞ்சம். குலெஷோவ் என்ற இளம் ஆசிரியர், சுருளே இல்லாமல் காட்சிகளை நடித்துக் காட்டச் செய்து பாடம் நடத்தினார். 1929-ல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் திரைப்படக் கல்வியைத் தொடங்கியது. அங்கே படித்த ஒருவரின் கதை நமக்கு நெருக்கமானது.

எல்லிஸ் ஆர். டங்கன் அவர் பெயர். உடன் பயின்ற மாணிக்லால் டாண்டன் அழைக்க, 1935-ல் இந்தியா வந்தார். சில திங்கள் தங்கித் திரும்புவதாக எண்ணம். தங்கியதோ ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள்! தமிழ் அறியாதவர். உரையாடல் சரியாகச் சொல்லப்படுகிறதா என்று பார்க்கவே பக்கத்தில் வேறொருவர் இருக்க வேண்டும். அவர் இயக்கிய ‘சதி லீலாவதி’ 1936-ல் வந்தது. அதில் சிறு வேடத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர். நாடகத்தை மேடையிலிருந்து பெயர்த்து அப்படியே படமாக்கிக்கொண்டிருந்த காலத்தில், படக்கருவியை நகர்த்து, வெளியே கொண்டுபோ, முகத்தருகே நிறுத்து என்று சொன்னவர் டங்கன். கலை குருதியில் ஓடுவதென்றால் இதை எப்படி விளக்குவது? ஒகையோ மாநிலத்துக்காரர் குருதியில் அம்பிகாபதி எப்படிப் புகுந்தான்? குருதியில் எதுவும் ஓடவில்லை, தோழர்களே! வகுப்பறையில் கற்றார், வந்த இடத்தில் செய்தார்.

1950-ல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்வோம். கலைஞர் மு. கருணாநிதியின் எழுத்து; சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பு; இயக்குநர் இடத்தில் டங்கன், டி. ஆர். சுந்தரம் இருவர் பெயரும் உண்டு. குண்டலகேசிக் கதையைத் தழுவிய மலையுச்சிக் காட்சியை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். கொல்லத் துணிந்த கணவன் முன்னே நிற்கிறான். சாகுமுன் உம்மை மூன்று முறை வலம் வர வேண்டும் என்று வேண்டுகிறாள் மனைவி. கணவனைத் தொழுவது அவனுக்குப் பழக்கப்பட்ட காட்சி, ஐயம் எழவில்லை. வலம் வருபவள் பின்பக்கமும் வந்துதானே தீர வேண்டும்? மூன்றாம் சுற்றில் அவனைத் தள்ளிவிடுகிறாள். எந்தச் சடங்கு பெண்ணைக் குனிய வைத்ததோ, அந்தச் சடங்கே அவளை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்துகிறது. இங்கே உரையாடலின் அடுக்குமொழி வேலை செய்யவில்லை. நிற்கும் இடமும், நடக்கும் கோடும், பள்ளத்தின் விளிம்புமே பேசுகின்றன. இதில் எழுத்தாளர் பங்கு எவ்வளவு, இயக்கியவர் பங்கு எவ்வளவு என்று கூறுபோட வேண்டியதில்லை. கற்றவர் பலர் கூடிச் செய்தது என்பதே போதும். அதே படத்தில் வேறு சில இடங்களில் பேச்சு நீண்டு, படக்கருவி கொட்டாவி விடுவதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம் சென்னையில் 1945-லேயே சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பிரிவாகத் திரைத்தொழிற் கல்வி தொடங்கிவிட்டது. புனேயில் பிரபாத் படநிலைய வளாகத்தில் நடுவண் அரசின் நிறுவனம் வந்தது 1960-ல்தான். பதினைந்து ஆண்டு நாம் முந்தினோம். இதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தரமணியில் இன்று எம்.ஜி.ஆர். பெயரைத் தாங்கி நிற்பது அந்தப் பயிற்சி நிறுவனம்தான். அவரை முதன்முதலாகப் படம்பிடித்தவரும் திரைப்பட மாணவரே என்பது சுவையான பொருத்தம். ஒளிப்பதிவாளர் பி. சி. ஸ்ரீராம் சென்னையில் பயின்றவர். மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா புனேயில் பயின்றவர். 1986-ல் திரைப்படக் கல்லூரி மாணவர்கள் திரண்டு வந்து ‘ஊமை விழிகள்’ எடுத்தபோது, மாணவருக்கு என்ன தெரியும் என்ற வாய்கள் சிறிது காலம் மூடிக் கிடந்தன. பேயோ என்று நடுங்கவைத்து, பின்னால் நிற்பது மனிதன்தான் என்று காட்டிய படம் அது. அச்சத்தை விற்றுவிட்டுப் பிறகு விளக்கம் கொடுக்கிறார்களே என்ற குறை நமக்கு உண்டு. ஆயினும் விளக்கமே கொடுக்காதவர்களைவிட அது மேல்.

இன்று நிலை என்ன? காட்சித் தொடர்பியல் என்ற பெயரில் கல்லூரிதோறும் பட்டப்படிப்பு. கைப்பேசியிலேயே படம் எடுக்கலாம். கணினியில் வெட்டி ஒட்டலாம். இல்லாத மனிதனை இருப்பது போலப் பேசவும் வைக்கலாம். அப்படியானால் கல்லூரி எதைக் கற்பிக்க வேண்டும்? எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையா? பொத்தான் மூன்றாண்டுக்குள் மாறிவிடுமே! குலெஷோவின் சோதனை ஒன்றைப் புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரே முகம். அதை அடுத்து ஒருமுறை சூப்புக் கிண்ணம், ஒருமுறை சவப்பெட்டியில் ஒரு பெண், ஒருமுறை விளையாடும் குழந்தை. பசியையும் துயரையும் மகிழ்வையும் அந்த முகத்தில் கண்டு, நடிப்பு அருமை என்று புகழ்ந்தார்களாம் பார்த்தவர்கள். முகத்தில் இல்லாததை மூளை இட்டு நிரப்புகிறது. இதை ஒரு மாணவன் தன் கையாலேயே செய்து பார்த்துவிட்டால், பிறகு எவன் காட்டும் படத்தையும் வாய்பிளந்து நம்புவானா?

வானொலியின் கதை இன்னும் வேடிக்கை. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் கல்லூரி வளாகச் சமுதாய வானொலியைத் தொடங்கியது. பெருமைதான். ஆனால் சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை வாங்கிப் போடலாம் என்பது விதி. ஒலிபரப்புப் பயிலும் மாணவன் சமையற் குறிப்பு சொல்லலாம், பாட்டுப் போடலாம். தன் தெருவில் குடிநீர் வராததைச் செய்தியாகப் படிக்கக் கூடாது!

அண்மையில் ஒரு கல்லூரியில் மாணவர் குறும்படங்கள் ஏழைப் பார்த்தோம். நான்கு படங்கள் வானத்திலிருந்து வயலைக் காட்டித் தொடங்கின. மூன்றில் காதலன் மெதுவாக நடந்தான். மழை அவனுக்காகவே காத்திருந்து பெய்தது. தோல் பதனிடும் ஊரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், கடற்கரை மாளிகையில் காப்பி குடிக்கும் இளைஞனின் கவலையை எடுத்திருந்தார். உங்கள் ஊரை ஏன் எடுக்கவில்லை என்றோம். “அதெல்லாம் சினிமா ஆகுமாங்க ஐயா?” என்றார். அவர்மீது நமக்குச் சினம் வரவில்லை. மூன்றாண்டு கட்டணம் கட்டியும், தன் வீட்டு வாசல் பார்க்கத் தகுந்தது என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லையே என்ற வருத்தமே வந்தது.

ஏழாவது படம் ஒரு மாணவி எடுத்தது. ஒன்பது நிமிடம். விசைத்தறியில் வேலை செய்யும் தாய். தறிச் சத்தம் தொடக்கம் முதல் நம் காதை அறைகிறது. தாய் பேசுவதில் பாதி புரியவில்லை. வீடு திரும்பியபின் சத்தம் நிற்கிறது. ஆனால் தாய் அதே உரத்த குரலில்தான் சோறு போடவா என்று கேட்கிறாள். மகளும் கத்தித்தான் விடை சொல்கிறாள். அந்த இடத்தில்தான், அரங்கில் இருந்த நமக்கு முதற்பாதியின் இரைச்சல் புரிந்தது. தறிக்கூடம் அந்தப் பெண்ணின் செவியில் பாதியைக் கூலியாக எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு சொல் விளக்கம் இல்லை, இசை இல்லை, கண்ணீர் இல்லை.

அந்தப் படத்துக்கு மதிப்பெண் குறைவு. ‘ஒலித்தரம் போதாது’ என்பது ஆசிரியர் குறிப்பு. சத்தமில்லாத நேரத்தில் தாயின் பேச்சைத் தனியே பதிவு செய்திருக்கக் கூடாதா என்று நாமும் கேட்டுப் பார்த்தோம். “பதிவு செய்து வைத்திருக்கிறேன் ஐயா. தெளிவாக இருக்கிறது. ஆனால் அதில் அம்மா இல்லை” என்றார் மாணவி. தெளிவான ஒலியைச் சேர்த்துத் தந்தால் மதிப்பெண் கூடும் என்று சொல்லியிருக்கிறார்களாம். நாம் விடைபெறும் வரையில் அவர் சேர்க்கவில்லை.