ஊர் இழந்தோரின் ஊர்

எதிர்கால உலகங்களைக் கற்பனை செய்த நாவலாசிரியர்கள் பெரும்பாலும் வாலிபர்களையே அவற்றில் குடியேற்றினார்கள். 1992-ல் நீல் ஸ்டீஃபன்சன் எழுதிய ‘ஸ்னோ க்ராஷ்’ நாவல்தான் ‘மெட்டாவெர்ஸ்’ என்ற சொல்லை உலகுக்கு ஈந்தது. அதன் நாயகன் வாள் சுழற்றும் வீரன். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனம் தன் பெயரையே ‘மெட்டா’ என மாற்றிக்கொண்டபோது அச்சொல் மூலை முடுக்கெல்லாம் ஒலித்தது. ஆனால், கணினிக்குள் சமைக்கப்பட்ட உலகில் மெய்யாகவே குடிபுகுந்து, வீடு என்றும் அண்டை அயல் என்றும் உறவு கொண்டாடியவர்கள் யாவர்? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் நாவலைச் சற்றே மூடிவைத்துவிட்டு, ஸீலியா பியர்ஸ் எழுதி 2009-ல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்ட ‘கம்யூனிட்டீஸ் ஆஃப் ப்ளே’ என்னும் ஆய்வு நூலைத் திறப்பது நலம். அதில் நாம் காண்பவர்கள் வாள் வீரர்கள் அல்லர். நாற்பதையும் ஐம்பதையும் தாண்டிய ஆண்களும் பெண்களுமே அவர்களுள் மிகுதி.

நூலின் கதை ஒரு விளையாட்டில் தொடங்குகிறது. ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்னும் சகோதரர்கள் 1993-ல் வெளியிட்ட ‘மிஸ்ட்’ என்ற கணினி விளையாட்டில் பகைவரும் இல்லை, படைக்கலமும் இல்லை. ஆளரவமற்ற தீவொன்றில் தனியே நடந்து, புதிர்களை அவிழ்த்து, மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் சுவடுகளைத் தேடவேண்டும். லட்சக்கணக்கானோர் இத்தனிமையில் சொக்கிப் போயினர். பத்தாண்டுகள் கழித்து, 2003 நவம்பரில், அதன் தொடர்ச்சியாக வந்தது ‘உரு’. அதன் இணையப் பகுதியில்தான் முதன்முறையாக ஒருவரையொருவர் சந்திக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டியது. (சுமேரிய மொழியில் ‘உரு’ என்றால் நகரம், நம் நாட்டுப்புறத்தாரோ ‘ஊரு’ என்பர். இதைப் பிடித்துக்கொண்டு எவரும் மொழியாராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்.)

அவ்வுலகின் அமைப்பைக் கூர்ந்து நோக்கவேண்டும். ஒவ்வொருவருக்கும் மேகத்துக்கு மேலே ஒரு பாறைத் தீவு; அதில் ஒரு சிறு குடில்; குடிலுக்குள் ஒரு புத்தக அலமாரி. புத்தகத்தைத் திறந்து அதிலுள்ள படத்தைத் தொட்டால் வேறோர் உலகுக்குச் சென்றுவிடலாம். இது தனி வீடு. இதற்கு அப்பால், பலர் கூடும் பொதுவிடம் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயரை நாம் மஹல்லா என்றே மொழிபெயர்த்துவிடலாம். நம் வாசகர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது. அதன் நடுவே ஒரு நீரூற்று. சுற்றிலும் அமர்ந்து பேச இடம். தனிமையை விரும்பி வந்தவர்கள் இந்நீரூற்றைச் சுற்றித்தான் ஒரு சமூகமாக ஆனார்கள்.

அந்த வாழ்வு சில மாதங்களே நீடித்தது. எதிர்பார்த்த அளவு சந்தாதாரர் சேராமையால் 2004 பிப்ரவரியில் நிறுவனம் இணையப் பகுதியை மூடிவிட்டது. கடைசி நாளில் மஹல்லாவாசிகள் ஒன்றுகூடி, தத்தம் பாவைகள் கைகோத்து நிற்பதுபோல் நெருக்கமாக நிறுத்திவைத்தார்கள். திரை உறைந்தது. இக்காட்சியைப் பியர்ஸ் மிகையின்றி எழுதியிருப்பது நம் பாராட்டுக்குரியது. கண்ணீரைப் பிழிந்தெடுக்க எத்தனையோ வாய்ப்பிருந்தும் அவர் அதைச் செய்யவில்லை.

இதன்பின் நிகழ்ந்ததே நூலின் உயிர்ப்பகுதி. ஊர் போயிற்று, ஊரார் கலையவில்லை. ‘தேர்’ என்ற பிறிதொரு மெய்நிகர் உலகுக்குப் பெருங்கூட்டமாகக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு இனிமையானதன்று. ஒரே இடத்தில் இத்தனை பேர் கூடியதால் கணினிகள் திணறின. முன்பே இருந்தவர்களில் சிலர் முகம் சுளித்தனர், தொல்லையும் தந்தனர். இடம் விட்டு இடம் மாறி அலைந்த பிறகே அவர்கள் ஒரு தீவில் காலூன்றினார்கள். காலூன்றியபின் முதன்மையாகப் பேணியது எதை? பழைய மஹல்லாவின் நீரூற்றைப் போன்ற ஒன்றைப் புதிய மண்ணில் அமைத்ததை! குடியேறிய கூட்டங்களின் வரலாறு அறிந்தவர்களுக்கு இதில் வியப்பேதுமில்லை.

வேறொரு பிரிவினர் ‘செகண்ட் லைஃப்’ உலகுக்குச் சென்றனர். 2003-ல் தொடங்கிய அவ்வுலகில் எவரும் எதையும் கட்டலாம். கட்டியதன் உரிமையும் கட்டியவருக்கே. எனவே அவர்கள் பழைய ஊரின் பகுதிகளைக் கல்லுக்குக் கல் அச்சாக எழுப்பினார்கள். ‘தேர்’ உலகிலோ ஒவ்வொரு பொருளுக்கும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே அங்கு சென்றவர்கள் அவ்வுலகின் வண்டிகளைக் கொண்டே போலோ ஆடும் புதுமையைக் கண்டுபிடித்தார்கள். எது மேல்? பழைய மனையை அப்படியே எழுப்பியவர்கள் அருங்காட்சியகம் ஒன்றைப் பெற்றார்கள். நீரூற்றை மட்டும் வைத்துக்கொண்டு புது விளையாட்டைப் பழகியவர்கள் ஊரைப் பெற்றார்கள் என்பது நம் கருத்து. பியர்ஸ் இவ்வாறு தீர்ப்புக் கூறவில்லை. ஆய்வாளர் என்ற முறையில் அவர் தயங்குவது இயல்பே. ஆயினும் அவர் திரட்டித் தந்த செய்திகள் நம்மை இம்முடிவுக்கே இட்டுச்செல்கின்றன.

நூலின் முற்பகுதி கோட்பாடுகளால் கனத்துக் கிடக்கிறது. பொறுமையற்றோர் நேரே இரண்டாம் பகுதிக்குச் சென்றுவிடலாம். ஆர்ட்டிமீசியா என்ற பெயரில் தாமும் ஒரு பாவையாக அவர்களோடு உலவியதைப் பற்றிய அத்தியாயங்கள் சுவையானவை. எட்ட நின்று குறிப்பெடுத்தால் போதாது, எங்களோடு ஆடவும் வேண்டும் என்று அம்மக்களே அவரை வற்புறுத்தியிருக்கிறார்கள். எழுதியதை அவர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டதும் நேர்மையான செயல்.

இரண்டு குறைகளை நாம் சொல்லியாக வேண்டும். முதலாவது, ‘அகதிகள்’ என்ற சொல். அம்மக்கள் தம்மை அவ்வாறே அழைத்துக்கொண்டார்கள் என்பது உண்மை. பியர்ஸும் அதை ஏற்று எழுதிச் செல்கிறார். ஆனால் அகதி என்பவன் உயிருக்கு அஞ்சி வாசலைத் தாண்டியவன். இவர்களோ தத்தம் நாற்காலியில் அமர்ந்தபடியே இழந்தார்கள். கணினியை அணைத்தபின் உண்ண உணவும் உறங்கக் கட்டிலும் அவர்களுக்கு இருந்தன. இதனால் அவர்கள் துயரம் பொய்யாகிவிடாது. மாலைதோறும் பேசிப் பழகிய பத்துப் பேர் ஒரே நாளில் காணாமற் போவது துயரந்தான். அத்துயரத்துக்கு ‘ஊர் இழந்தோர்’ என்ற பெயர் போதும். பெரிய சொல்லை இரவல் வாங்கினால் அச்சொல்லுக்கு உரியவர்களுக்கு அநீதி. இவர்களுடைய இழப்பின் தனித்தன்மையும் மறைந்துவிடுகிறது. இதை ஆசிரியர் நிறுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. நீரூற்று அவர்களுடையது, நிலம் யாருடையது? வாடகை வீட்டில் குடியிருப்பவன் வெளியேறும்போது தன் அண்டா குண்டானையாவது எடுத்துச் செல்வான். இங்கே சுவர், தெரு, வானம், தன் பாவையின் உடல் உட்பட அனைத்தும் நிறுவனத்தின் கணினிகளில் உள்ளவை. அவர்கள் எடுத்துச் செல்ல முடிந்தது நினைவையும் கைத்திறனையும் ஒருவர்மீது ஒருவர் கொண்ட பற்றையும் மட்டுமே. பண்பாடு எவ்வாறு தானாக முளைத்தெழுகிறது என்பதை நுணுகி நுணுகி ஆராயும் நூல், நிலத்தின் உரிமையைப் பற்றிய கேள்விக்குத் தரும் இடம் போதாது.

நூல் வெளிவந்த மறு ஆண்டே காலம் இக்கேள்வியை மீண்டும் எழுப்பியது. 2007-ல் உயிர்பெற்று 2008-ல் மீண்டும் மூடப்பட்ட ‘உரு’, 2010 பிப்ரவரியில் கட்டணமின்றித் திறக்கப்பட்டது. அதனைப் படைத்த சயன் நிறுவனம் ரசிகர்களின் நன்கொடையைக் கொண்டு அதை நடத்தலாயிற்று. அடுத்த மாதமே, மார்ச் 9 அன்று, ‘தேர்’ தன் வாயிலை அடைத்தது. புகலிடம் தேடிச் சென்ற ஊர் மூடியபோது, விட்டுவந்த ஊர் திறந்திருந்தது! ‘தேர்’ பின்னர் 2012-ல், கட்டணம் செலுத்தும் வயது வந்தோர்க்கென மீண்டும் இயங்கத் தொடங்கியது. நாடகாசிரியன் எவனேனும் இத்திருப்பத்தை எழுதியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். ஆறாண்டுகள் புதிய தீவில் வாழ்ந்தவர்களில் எத்தனை பேர் பழைய நீரூற்றுக்குத் திரும்பினர், எத்தனை பேருக்கு அது அந்நியமாய்ப் பட்டது என்பதைப் பியர்ஸின் எழுதுகோலால் அறிய விரும்புகிறோம்.