500-ஐ 100-ஆல் வகுத்தால் 5 வராது

அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு தடைபடும் பிரச்சினை. ராத்திரி முழுக்க சிபேப் மெஷின் ஓடணும். எங்க குத்துக்கல்வலசையில் சீசன் காற்று அடிக்க ஆரம்பித்தால் எங்கேயாவது கிளை முறிந்து கரண்டு போகும். அதுக்காகத்தான் 500 வாட்-மணி பவர் ஸ்டேஷன் ஒன்றும், 100 வாட் மடக்கு சோலார் பேனல் ஒன்றும் வாங்கினேன். அட்டையில் போட்டிருந்தது: "சோலாரில் 5 மணி நேரத்தில் முழு சார்ஜ்."

இந்த '5 மணி நேரம்' எங்கிருந்து வருகிறது? 500 ÷ 100. அவ்வளவுதான். வகுத்தல் சரி, வகுக்கும் எண்தான் தப்பு.

பேனலில் எழுதியிருக்கும் 100 வாட் ஒரு ஆய்வக எண். சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி என்று வைத்து அளப்பது. ஒரு பேனலை இன்னொன்றோடு ஒப்பிட அது நியாயமான அளவுகோல். ஆனால் மொட்டை மாடியில் மத்தியான வெயிலில் பேனல் 60 டிகிரியை எளிதாகத் தொடும். சிலிக்கான் செல் ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் சுமார் 0.35 முதல் 0.4 சதவீதம் இழக்கும். 35 டிகிரி கூடினால் 12 முதல் 14 வாட் போச்சு. தூசி, கேபிள், சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரி இழப்பு எல்லாம் சேர்த்தால் கையில் நிற்பது 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சூரியன். பகல் 12 மணி நேரம் என்றாலும் 'முழு வெயில் மணி' கணக்கில் தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி ஒரு நாளைக்கு 5 முதல் 5.5 தான். ஆக, 100 × 0.7 × 5.3 = 371 வாட்-மணி. நல்ல நாளிலேயே காலி பெட்டி நிரம்ப ஒன்றேகால் நாளுக்கு மேல் ஆகும்.

இணையத்தில் இருக்கும் கால்குலேட்டர்கள் இதுவரைக்கும் வருகின்றன. என் குறை அதற்கு அப்புறம்தான்.

ஒன்று, ஆண்டு சராசரி. எங்களுக்குக் கரண்டு போவது ஜூன், ஜூலை, ஆகஸ்டில். குற்றாலத்தில் சாரல் விழும் அதே மாதங்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்றும் மேகமும் உள்ளே வரும். மார்ச் வெயிலையும் ஜூலை மேகத்தையும் கூட்டி வகுத்த எண்ணால் ஜூலையில் எனக்கு என்ன பிரயோஜனம்? சாரல் நாளில் என் பெட்டியின் திரையில் பெரும்பாலும் 15 முதல் 25 வாட் வரைதான் தெரிகிறது. 20 வாட், 7 மணி நேரம் என்றால் 140 வாட்-மணி. அப்பாவின் மெஷினுக்கு ஒரு ராத்திரிக்கு, இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து, 400 வாட்-மணி செலவு. அதாவது ஒரு ராத்திரி செலவழித்ததைத் திரும்பப் பிடிக்க மூணு பகல்.

இரண்டு, தரவின் கட்டம். பலரும் எடுக்கும் நாசா பவர் தளத்தின் சூரிய ஒளித் தரவு 1 டிகிரிக்கு 1 டிகிரி கட்டம். ஏறக்குறைய 110 கிலோமீட்டர். குற்றால மலையும் திருநெல்வேலிச் சமவெளியும் ஒரே கட்டத்துக்குள் வந்துவிடும். மலையடிவாரத்தில் இருக்கிறவனுக்கு அந்த எண் கொஞ்சம் தாராளமானது. இன்னும் நுணுக்கமான வரைபடங்களில் மாதவாரியாகப் பார்ப்பது நல்லது.

மூன்று, "பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வையுங்கள்" என்ற அறிவுரை. நாம் இருப்பது சுமார் 9 டிகிரி வட அட்சரேகை. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். ஜூன் 21 அன்று 14 டிகிரிக்கு மேல். என் பேனலோடு வந்த முட்டுக்கால் 45 டிகிரியில் நிற்கிறது. அதைத் தெற்கே பார்த்து வைத்தால் ஜூன் மத்தியானம் சூரியனுக்கும் பேனலுக்கும் 59 டிகிரி விலகல். கிடைப்பது நேர் வெயிலில் பாதி. அதையே தரையில் கிடத்தினால் 97 சதவீதம். மேகம் மூடிய நாளிலும் கிடத்தி வைத்த பேனல்தான் வானத்தை முழுசாகப் பார்க்கும். அந்த முட்டுக்கால் நமக்கு டிசம்பரில் வேண்டுமானால் உதவும். வடக்கே குளிர் நாடுகளில் முகாம் போடுகிறவர்களுக்குச் செய்ததை அப்படியே நம்மிடம் விற்கிறார்கள்.

இது பொய் விளம்பரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டையில் மணிக்குப் பதில் நாள் என்று போடலாம். 'தெளிந்த வானில் ஒன்றரை நாள், மழைக்காலத்தில் மூன்று நான்கு நாள்' என்று எழுதினால் விற்பனை கொஞ்சம் குறையும். வாங்குகிறவன் ஏமாற மாட்டான்.

இப்போது நான் செய்வது இதுதான். சீசன் தொடங்கியதும் பெட்டியைச் சுவர் பிளக்கில் எப்போதும் 100 சதவீதத்தில் வைக்கிறேன். சோலார் துணைக்கு மட்டும். அதே மாதிரி இன்னொரு பேனலை இணையாக மாட்டினேன். வோல்டேஜ் கூடாது, கரண்ட் மட்டும் கூடும். உள்ளே எடுக்கும் உச்ச வரம்பு 120 வாட்தான் என்றாலும், மேகமான நாளில் அந்த வரம்பை யார் தொடப் போகிறார்கள்? 20 வாட் 40 ஆனாலே எனக்குப் பெரிசு. மூணு பகல் ஒன்றரைப் பகலாகிறது.

அப்படியும் தொடர்ந்து இரண்டு ராத்திரி கரண்டு இல்லையென்றால் கணக்கு உதைக்கிறது. அதற்கு என்னிடம் இருக்கும் பதில் சோலார் இல்லை. தென்காசியில் இருக்கும் மாமா வீட்டுக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போவதுதான்.