கண்கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடி: ஒரு மதிப்பீடு

'கண் கூசுகிறதா? கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்' என்பது நம்மிடையே பரவலாக வழங்கும் அறிவுரை. கன்னியாகுமரிக் கடற்கரைக் கடைகளில் கறுப்பு, பழுப்பு, நீலம், மஞ்சள் எனப் பல நிறங்களில் கண்ணாடிகள் தொங்குகின்றன. வெயிலுக்கு அஞ்சுபவர் வாங்குகிறார்; 'மெட்ராஸ் ஐ' வந்தவர் வாங்குகிறார்; தீராத தலைவலிக்காரரும் வாங்குகிறார். மூவருக்கும் ஒரே கண்ணாடி பொருந்துமா? இயற்பியலின் துணைகொண்டு இதனை ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கண்கூச்சம் ஒரு நோயன்று. அது ஓர் அறிகுறி. உப்பளத்தில் நண்பகலில் நிற்பவருக்குக் கண் கூசுவது இயல்பு. அங்கே ஒளி மிகுதி. ஆனால் வீட்டு விளக்கொளியிலேயே ஒருவருக்குக் கண் கூசினால், குறை ஒளியில் இல்லை. கண்ணிலோ, நரம்பிலோ இருக்கிறது. முதல் வகைக்குக் கண்ணாடி தீர்வாகலாம். இரண்டாம் வகைக்கு அது பெரும்பாலும் மறைப்பாகவே முடிகிறது.

குரூக்ஸ் காட்டிய வழி

கண்ணாடி உலையில் பணிபுரிந்தோர்க்குக் கண்புரை மிகுதியாக வந்ததைக் கண்டு, இங்கிலாந்தின் இராயல் கழகம் ஆராய்ச்சியில் இறங்கியது. அதன் பொருட்டு முதிய வயதில் உழைத்தவர் வில்லியம் குரூக்ஸ். முந்நூறுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலவைகளைச் சோதித்து, முடிவுகளை 1914இல் வெளியிட்டார். உலையிலிருந்து வரும் கதிர்கள் எவை, அவற்றுள் கண்ணுக்குக் கேடானவை எவை, எந்தத் தனிமத்தைச் சேர்த்தால் அவை மட்டும் தடைபடும் என்று அவர் வரிசையாகக் கேட்டார். சீரியம் சேர்த்த கண்ணாடி புற ஊதாக் கதிரை உட்கவர்ந்தது. இரும்பு சேர்த்தது அகச்சிவப்புக் கதிரை, அதாவது வெப்பக் கதிரைத் தடுத்தது. கண்ணாடியின் நிறம் இயன்றவரை வெளிறியிருக்க வேண்டும் என்பதும் அவர் நோக்கம். காப்பதற்குக் கண்ணாடி கறுத்திருக்க வேண்டியதில்லை என்பதே அவர் ஆய்வு தரும் பாடம்.

இதில் நம் மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. சீரியம் மிகுந்த கனிமம் மோனசைட். அது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பதை ஜெர்மானியரான சொம்பர்க் 1909இல் கண்டறிந்தார். நியோடிமியம், பிரசியோடிமியம் ஆகிய அருமண் தனிமங்களும் இம்மணலில் உள்ளன. இவ்விரண்டும் சேர்ந்த 'டிடிமியம்' கண்ணாடியை ஊதுகுழல் தொழிலாளர் அணிவர். சுடரில் எழும் சோடியத்தின் மஞ்சள் ஒளியை, அதாவது ஆய்வக மாணவர்கள் நன்கறிந்த 589 நானோமீட்டர் ஒளியை, அது விழுங்கிவிடும். கூச்சம் நீங்கி, வேலை தெளிவாகத் தெரியும். ஆனால் வெப்பக் கதிரை அது போதிய அளவு தடுப்பதில்லை. கண்ணுக்கு இதமாக இருப்பது வேறு; கண்ணைக் காப்பது வேறு.

குரூக்ஸின் பெயரால் பின்னர் கடைகளில் விற்ற சாயக் கண்ணாடிகளை எல்லாவிதக் கண்கூச்சத்துக்கும் மக்கள் வாங்கினர். அவர் பெயர் நிலைத்தது. அவர் கேட்ட கேள்வி மறைந்தது.

வெயிலும் நிழலும்

கறுப்பு மிகுந்தால் பாதுகாப்பும் மிகும் என்பது தவறான எண்ணம். கண்ணுக்குத் தெரியும் ஒளியைக் குறைப்பது சாயம். புற ஊதாக் கதிரைத் தடுப்பது கண்ணாடிப் பொருளின் இயல்பு அல்லது அதில் சேர்த்த தனிப் பொருள். பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக், நிறமே இல்லாதபோதும் புற ஊதாக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். எனவே 'விலை மலிந்த கண்ணாடி எல்லாம் கண்ணைக் கெடுக்கும்' என்பாரின் கூற்றும் முழு உண்மையன்று. விலையோ நிறமோ சான்றாகாது. '400 நானோமீட்டர் வரை புற ஊதாத் தடுப்பு' என்ற குறிப்பையே பார்க்க வேண்டும்.

சுவாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களில் உழைப்போரும் கட்டுமர மீனவரும் ஆண்டு முழுதும் வெயிலிலும் அதன் எதிரொளிப்பிலும் நிற்பவர்கள். உலர்ந்த கடல்மணல், தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் ஏறத்தாழ 15 விழுக்காட்டையும், கடல்நுரை 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. கண்ணில் சதை வளர்வதற்கு இக்கதிர்கள் ஒரு முக்கியக் காரணம். இவர்களுக்குக் கண்ணாடி அலங்காரப் பொருளன்று, தொழிற்கருவி. நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 53 பாகைப் படுகோணத்தில் விழுந்து எதிரொளிக்கும் ஒளி தளவிளைவுற்றது என்று பாடநூலில் படிக்கிறோம். அந்தப் பளபளப்பைப் போலராய்டு கண்ணாடி வெட்டிவிடும். வெறும் சாயம் எல்லாவற்றையும் சமமாக மங்கச் செய்யும். இத்தொழிலாளர்களுக்கு வேண்டியது புற ஊதாத் தடுப்புள்ள போலராய்டு கண்ணாடியும் அகன்ற விளிம்புத் தொப்பியுமே.

இனி வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி அணிவதைப் பார்ப்போம். நண்பகல் வெயிலின் ஒளிர்வு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். வகுப்பறையில் 300 லக்ஸ். நூற்றுக்கு 15 பங்கு ஒளியை விடும் கண்ணாடியை வெளியே அணிந்தால் கண்ணுக்கு 15,000 லக்ஸ் கிடைக்கிறது. இது கண்ணாடி அணியாத வகுப்பறையைவிட 50 மடங்கு. அதே கண்ணாடியை வகுப்பறையில் அணிந்தால் கிடைப்பது 45 லக்ஸ்தான். அந்தி மங்கலில் இருப்பதுபோல விழித்திரை இருளுக்குப் பழகி, மேலும் கூருணர்வு கொள்கிறது. கண்ணாடியைக் கழற்றினால் முன்பு தாங்கிய வெளிச்சமும் குத்துகிறது. உடனே இன்னும் கறுத்த கண்ணாடி தேடுகிறார்கள்! கண்கூச்சமுள்ளோர் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி அணியலாகாது என்று மருத்துவர் கூறுவது இதனால்தான்.

எந்த நிறம், எதற்கு?

நிறக் கண்ணாடியால் உண்மையாகவே பயன் பெறுவோரும் உண்டு. பிறவியிலேயே கூம்பு செல்கள் இயங்காதவர்கள் குச்சி செல்களை மட்டும் நம்பிப் பார்க்கிறார்கள். பகல் ஒளியில் அவை திணறிப்போகும். குச்சி செல்கள் 500 நானோமீட்டர் அருகே மிகுந்த உணர்வும், சிவப்பு ஒளிக்கு மிகக் குறைந்த உணர்வும் உடையவை. ஆகவே அடர்சிவப்புக் கண்ணாடி இவர்களுக்குப் பகலில் பார்வை தருகிறது. காரணம் அறிந்து நிறம் தேர்ந்ததற்கு இது நல்ல சான்று.

ஒற்றைத் தலைவலிக்கு 'எஃப்.எல்.41' என்னும் இளஞ்சிவப்புச் சாயம் பரிந்துரைக்கப்படுகிறது. இது 480 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை ஒளியைக் குறைக்கும். விழித்திரையில் இவ்வொளிக்கு இசைந்த தனி நரம்பு செல்கள் உண்டு என்பது 2002இல் தெளிவாயிற்று. இங்கிலாந்தில் 1991இல் வெளியான ஆய்வில், இதனை அணிந்த சிறுவர்க்கு மாதம் 6.2 முறை வந்த தலைவலி 1.6 முறையாகக் குறைந்தது. முதல் மாதத்தில் நீலக் கண்ணாடி அணிந்தவர்க்கும் குணம் தெரிந்தது, அது நிலைக்கவில்லை. எந்தக் கண்ணாடியும் சில நாள் குணம் காட்டக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது. ஆய்வுக்கு உட்பட்டவர் 20 பேரே. நம்பிக்கை கொள்ளலாம், உறுதி கூற முடியாது.

கணினித் திரைக்கென விற்கும் 'நீல ஒளித் தடுப்பு'க் கண்ணாடிக்கு இந்தச் சிறு ஆதரவும் இல்லை. 17 சோதனைகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மதிப்பீடு, கண்சோர்வை அது குறைப்பதாகக் காணவில்லை. எழுத்துப் பிழைபடப் படிக்கும் குழந்தைகளுக்கு நிறக் கண்ணாடி தரும் முறை 1983 முதல் பரவியது. அதற்குப் போதிய சான்றில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் கண் மருத்துவரும் 2009இல் கூட்டாக அறிவித்தனர்.

'மெட்ராஸ் ஐ' கண்ணைப் பார்ப்பதால் பரவுவதில்லை. கையாலும் துண்டாலும் பரவுகிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்கும், கண்ணைக் கசக்காமல் கையைத் தடுக்கும். அவ்வளவே அதன் பயன்.

மறைக்கக்கூடாத அறிகுறி

நாஞ்சில் நாட்டு வயல்களில் கதிரடிக்கும்போதும் நெல் தூற்றும்போதும் சுணையோ பதரோ கண்ணில் பட்டுக் கருவிழி கீறிவிடுவது உண்டு. அக்கீறலில் பூஞ்சை பற்றினால் கருவிழிப் புண் உண்டாகும். மதுரை மாவட்டத்தில் எடுத்த கணக்கு, ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாகக் காட்டியது. தொடக்கத்தில் கண் உறுத்தும், சிவக்கும், வெளிச்சம் கூசும். தாய்ப்பால் விட்டுக் கறுப்புக் கண்ணாடி அணிந்து நாலு நாள் காத்திருப்பவர் பார்வையை இழக்க நேரிடும். கைக்குழந்தை கண்ணீர் வடித்து வெளிச்சத்தைக் கண்டு முகம் திருப்பினால், அது பிறவிக் கண் நீரழுத்த நோயாகவும் இருக்கலாம்.

நிறக் கண்ணாடியை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அதனை வாங்குமுன் குரூக்ஸைப் போலக் கேட்க வேண்டும்: எந்த ஒளி வருத்துகிறது? எங்கிருந்து வருகிறது? கண்ணின் எந்தப் பகுதி வருந்துகிறது? ஒளி மிகுதியே காரணமானால் கண்ணாடிக் கடைக்குச் செல்லலாம். கூச்சத்தோடு வலியோ, சிவப்போ, பார்வை மங்கலோ சேர்ந்திருந்தால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.