ஒரு மில்லிநொடிக்கு யார் பொறுப்பு?

ஜெர்மனியின் மியூனிக் நகரில் உருவான ஃபிராங்கா ரோபோ கைக்கு ஏழு மூட்டுகள். ஆய்வுக்கூடத்தில் அதை நம் கணினியிலிருந்தே, நாமே எழுதிய நிரலால் இயக்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: நொடிக்கு 1000 முறை கை தன் நிலையைச் சொல்லும், ஒவ்வொரு முறையும் அந்த மில்லிநொடி முடிவதற்குள் அடுத்த கட்டளை அதற்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிந்தி வரும் கட்டளைப் பொட்டலத்தை அது ஏற்காது. முறுக்குவிசைக் கட்டளைகளை அனுப்பிக்கொண்டிருந்தோம் என்றால், கடைசியாகக் கிடைத்த கட்டளையையே திரும்பப் பயன்படுத்திச் சமாளிக்கும். தொடர்ந்து 20 பொட்டலங்கள் தவறினால் நின்றுவிடும். 20 மில்லிநொடி என்பது ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குதான்.

இன்றைய கணினிக்கு ஒரு மில்லிநொடி மிகப் பெரிய அவகாசம். அதற்குள் பல லட்சம் கணக்குகளைப் போட்டு முடித்துவிடும். ஆனாலும் தவறுகிறது. காரணம், அது சராசரியைக் குறிவைத்துக் கட்டப்பட்ட பொறி. பெரும்பாலான நேரம் வேகமாக இருந்தால் போதும், மின்சாரம் மிச்சமாக வேண்டும், ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓட வேண்டும் என்பவையே அதன் குறிக்கோள்கள். ரோபோ கை வேகம் கேட்கவில்லை, தாளம் கேட்கிறது. 99.9 விழுக்காடு சரியாக இருக்கிறது என்று நாம் மகிழ்ந்தால், நொடிக்கு ஒருமுறை அது தவறுகிறது என்று பொருள்.

இந்த இடைவெளியை அடைக்க ரோபோ ஆய்வாளர்களிடம் ஒரு நடைமுறை வேரூன்றியிருக்கிறது. இயங்குதளத்தின் கருவான கெர்னலை நேரந்தவறாத நிகழ்நேரக் கெர்னலாக நிறுவு, கணினியைத் தொடக்கும் பயாஸுக்குள் போய் மின்சேமிப்பு நிலைகளை அணை, டர்போவை அணை, ஹைப்பர்த்ரெடிங்கை அணை, கட்டுப்பாட்டு நிரலுக்கென்று சிபியு கோர்களை ஒதுக்கு. இந்தப் பட்டியல் ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம், மாணவரிடமிருந்து மாணவருக்குக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அதன் அடிப்படை சரியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அளந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலையை அது சமையல் குறிப்பாக மாற்றிவிட்டது. என் வருத்தம் அதுதான்.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். சாதாரண லினக்ஸில், கெர்னலின் உள்வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும்போது, எவ்வளவு அவசரமான நிரலும் வாசலில் காத்திருக்க வேண்டியதுதான். பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற திருத்தத் தொகுப்பு இதை மாற்றியது. சுழன்றபடி காத்திருக்கும் பூட்டுகளில் பெரும்பாலானவற்றை, இடையில் விட்டுக்கொடுக்கக்கூடிய பூட்டுகளாக ஆக்கியது. குறுக்கீடுகளைக் கையாளும் வேலையைத் தனி இழைகளுக்குத் தள்ளி, அவற்றுக்கும் முன்னுரிமை வரிசை வைத்தது. தாழ்ந்த முன்னுரிமை கொண்ட நிரல் பூட்டை வைத்திருக்க, உயர்ந்த நிரல் காத்திருக்க நேர்ந்தால், பூட்டை வைத்திருப்பவருக்கே தற்காலிகமாக உயர்வு கொடுத்து வேலையை முடிக்க வைத்தது. இங்கோ மோல்நார், தாமஸ் கிளெய்க்ஸ்னர் முதலியோர் 2004 வாக்கில் தொடங்கிய இந்த உழைப்பு கெர்னலின் மைய மரத்துக்குள் முழுமையாகச் சேர 20 ஆண்டுகள் ஆயின. 2024 செப்டம்பரில், வியன்னாவில், கிளெய்க்ஸ்னர் அந்தச் சேர்ப்புக் கோரிக்கையை அச்சிட்டு, பொன்னிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸிடம் கொடுத்தார். அந்த நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12 பதிப்பில் அது இடம்பெற்றது. உயர்துல்லியக் கடிகாரம், இழைகளாக்கப்பட்ட குறுக்கீடுகள், கெர்னலின் உள்ளோட்டத்தைப் பதிவுசெய்யும் எஃப்டிரேஸ் என இந்த உழைப்பின் கிளைகள் பல அதற்கு வெகு முன்பே மைய மரத்தில் சேர்ந்து, நிகழ்நேரத்தைப் பற்றிக் கவலைப்படாத கோடிக்கணக்கான கணினிகளுக்கும் பயன்பட்டுவருகின்றன.

அதன் விளைவைக் குறைத்து எடைபோட வேண்டாம். விலையுயர்ந்த தனி நிகழ்நேரக் கணினி இல்லாமலேயே, மேசைக்கணினி ஒன்றைக் கொண்டு ஒரு முதுகலை மாணவர் முறுக்குவிசைக் கட்டுப்பாட்டை எழுதிப் பார்க்க முடிகிறது. மூலநிரல் திறந்திருக்கிறது, எங்கே தாமதம் வந்தது என்று தோண்டிப் பார்க்கவும் முடிகிறது.

பயாஸ் பட்டியலுக்கும் வலுவான காரணம் இருக்கிறது. வேலையில்லாத சிபியு படிப்படியாக ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும். ஆழம் கூடக் கூட விழித்தெழ நேரம் பிடிக்கும். இன்டெலின் ஸ்கைலேக் வகை மடிக்கணினி, மேசைக்கணினிச் சில்லுகளுக்காக லினக்ஸ் வைத்திருக்கும் அட்டவணையைப் பாருங்கள்: மேலோட்டமான சி1 நிலையிலிருந்து எழ 2 மைக்ரோநொடி, மிக ஆழ்ந்த சி10 நிலையிலிருந்து எழ 890 மைக்ரோநொடி. நம்மிடம் இருப்பதோ மொத்தம் 1000. அதில் 890 தூக்கம் கலைவதற்கே போய்விட்டால், கணக்குப் போடவும் பொட்டலத்தை அனுப்பவும் என்ன மிஞ்சும்? கட்டுப்பாட்டு நிரல் ஒவ்வொரு மில்லிநொடியிலும் கொஞ்சம் உழைத்து மிச்ச நேரம் காத்திருக்கும் இயல்புடையது என்பதால், சிபியு உறங்கப் போவதற்கு அதுவே வாய்ப்பாகிவிடுகிறது. அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் வசதியும் இப்படியே இடறும்.

இதுவரை பட்டியலின் பக்கம் நியாயம் இருக்கிறது. சிக்கல், அந்தப் பட்டியல் வேலை செய்ததா என்று சோதிக்கும் இடத்தில் தொடங்குகிறது.

எல்லோரும் கையிலெடுக்கும் கருவி சைக்ளிக்டெஸ்ட். ஒரு நிரலைக் குறித்த நேரத்துக்கு எழுப்பச் சொல்லி, எவ்வளவு பிந்தி எழுந்தது என்று அளக்கும் நல்ல கருவி. அதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சோதனை ஓடும் நேரம் முழுவதும், சிபியுவை ஆழ்ந்து உறங்க விடாதே என்று அது தானாகவே கெர்னலிடம் கேட்டுக்கொள்கிறது. அப்படிக் கேட்க வேண்டாம் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். ஆகவே சோதனையில் 20 மைக்ரோநொடி என்று அழகான எண் வரும். சோதனை முடிந்ததும் அந்த வேண்டுகோள் விலகிவிடும். பிறகு நம் கட்டுப்பாட்டு நிரல் ஓடும்போது, அது அப்படி எதுவும் கேட்டிருக்கவில்லை என்றால், சிபியு நிம்மதியாக உறங்கும். அளந்தது ஒரு கணினியை, கையை இயக்குவது இன்னொரு கணினி என்று சொல்லும் அளவுக்கு இரண்டுக்கும் வேறுபாடு வந்துவிடுகிறது. பெட்டி ஒன்றுதான்.

இதிலேயே ஒரு தீர்வும் இருக்கிறது. சைக்ளிக்டெஸ்ட் கேட்பதை நம் நிரலும் கேட்கலாம். அதற்கான கெர்னல் கோப்பைத் திறந்து ஓர் எண்ணை எழுதி, திறந்தபடியே வைத்திருந்தால் போதும். மூடியதும் கணினி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கை அசையும் நேரத்துக்கு மட்டும் விழிப்பு, மற்ற நேரம் ஓய்வு. பயாஸில் நிரந்தரமாக அணைப்பதைவிட இது மேல் என்பேன். எந்தக் கணினியில் என்ன அணைக்கப்பட்டது என்பது யாருடைய நினைவிலோ இருப்பதற்குப் பதில், நிரலின் வரிகளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

சோதனையின் கால அளவு அடுத்த குறை. பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு "தேறிவிட்டது" என்று எழுதுபவர்கள் ஏராளம். பத்து நிமிடத்தில் மில்லிநொடிக்கு ஒன்றாக ஆறு லட்சம் சுற்றுகள்தான் நடக்கும். எட்டு மணி நேர வேலைநாளில் கை 2 கோடியே 88 லட்சம் சுற்றுகளைக் கடக்கிறது. ஜெர்மனியின் ஓசாடில் அமைப்பு தன் சோதனைக்கூடக் கணினிகளில் கடைப்பிடிக்கும் முறை 200 மைக்ரோநொடிக்கு ஒருமுறை வீதம் 10 கோடிச் சுற்றுகள். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் சும்மா இருக்கும் கணினியில் அளந்து பயனில்லை. வட்டு, வலை, திரை எல்லாம் உழைத்துக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்படி அளந்தாலும் கிடைப்பது இதுவரை கண்ட உச்சத் தாமதம். இதற்கு மேல் போகவே போகாது என்ற உறுதி அதில் இல்லை. மனிதர் பக்கத்தில் நின்று பழகும் ரோபோவுக்கு இந்த வேறுபாடு உயிர் தொடர்பானது. அதனால்தான் நிறுத்தும் பொறுப்பு நம் கணினியிடம் விடப்படாமல் கையின் சொந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் போல வன்பொருளோடு வரும் நிரல். இன்டெலின் 386எஸ்எல் சில்லுடன் 1990இல் வந்த ஓர் ஏற்பாடு இன்றும் எக்ஸ்86 கணினிகளில் தொடர்கிறது. கணினித் தயாரிப்பாளர் எழுதிய பயாஸ் நிரல், இயங்குதளத்திடம் சொல்லாமலேயே சிபியுவைத் தன் வசம் எடுத்துக்கொண்டு, வேலையை முடித்துவிட்டுத் திருப்பித் தரும். எஸ்எம்ஐ என்பது அந்த அழைப்பின் பெயர். வெப்பத்தைக் கண்காணிப்பது, பழைய முறை யுஎஸ்பி விசைப்பலகைக்கு ஆதரவு தருவது போன்றவை அதன் வேலைகள். கெர்னலைப் பொறுத்தவரை அந்த நேரம் நடக்கவே இல்லை. எஃப்டிரேஸ் போட்டுப் பார்த்தாலும் குற்றவாளியின் பெயர் வராது, ஒரு வெற்றிடம் மட்டும் தெரியும். ஃபர்ம்வேரைச் சோதிக்க இன்டெல் வெளியிட்ட பிட்ஸ் தொகுப்பு 150 மைக்ரோநொடியைத் தாண்டும் எஸ்எம்ஐயைக் குறையாகக் காட்டும். அந்த எல்லைக்குள்ளேயே நின்றாலும் நம் மில்லிநொடியில் ஏழில் ஒரு பங்கு போய்விடும்.

நிகழ்நேரக் கெர்னலால் இதைத் தடுக்க முடியாது. பயாஸ் பக்கத்தில் யுஎஸ்பி பழைய ஆதரவு போன்ற சிலவற்றை அணைக்கலாம். பல மடிக்கணினிகளில் அதற்கான வரியே இருக்காது. ஒரே வசதிக்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு பெயர் வைப்பார்கள். பயாஸைப் புதுப்பித்தால் நாம் மாற்றியவை பழையபடி ஆகிவிடக்கூடும். சிப்செட்டிலேயே கைவைத்து எஸ்எம்ஐயை மொத்தமாக அடைக்கும் வழியும் சொல்லப்படுகிறது. வெப்பப் பாதுகாப்பு அதன் வழியாக நடக்கும் கணினியில் அது சிபியுவையே கருக்கிவிடும் ஆபத்து உண்டு. இருபது ஆண்டு உழைப்பில் கெர்னல் தன் பாதியைத் திறந்து வைத்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் மூடிய அறைக்குள் இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வைப் பட்டியல்கள் சொல்வதில்லை. கெர்னல் வரியையும் பயாஸ் வரியையும் ஒரே உறுதியோடு அடுக்குகின்றன.

நல்லவேளையாக இதை அளக்க வழியுண்டு. எச்டபிள்யூலாட்-டிடெக்ட் என்ற கருவி குறுக்கீடுகளை நிறுத்திவிட்டு, சிபியுவின் கடிகாரத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். நேரத்தில் துளை விழுந்தால் அது வன்பொருளிலிருந்தோ ஃபர்ம்வேரிலிருந்தோ வந்தது. இதுவரை எத்தனை எஸ்எம்ஐ வந்தன என்ற எண்ணிக்கையை இன்டெல் சில்லுகளே வைத்திருக்கின்றன. டர்போஸ்டாட் அதைக் காட்டும். ரோபோவுக்கென்று கணினி வாங்கும்போது முதல் நாளே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். தோற்றால் பயாஸோடு மல்லுக்கட்டாமல் வேறு கணினியைத் தேடுவதே நல்லது.

பட்டியலின் வேறு சில வரிகள் தரும் பயனைவிட அவை கேட்கும் விலை அதிகம். சிபியுவைச் சுழன்றபடியே காத்திருக்க வைக்கும் அமைப்பு சூட்டை ஏற்றும். சூடு மிகுந்தால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தவிர்க்க நினைத்த தடுமாற்றம் பின்வாசல் வழியாக வந்து சேரும். கோர்களை ஒதுக்கும் ஐசோல்சிபியு அமைப்பைக் கெர்னல் ஆவணமே பழையதாகிவிட்டது என்று குறித்திருக்கிறது. நிகழ்நேர நிரல்கள் ஒரு நொடியில் 0.95 நொடிக்கு மேல் சிபியுவைப் பிடித்துக்கொள்ளக் கூடாது என்பது லினக்ஸ் நெடுங்காலம் வைத்திருந்த இயல்பான காவல். பட்டியல் சொல்வதுபோல் அதை நீக்கிவிட்டால், முடிவற்ற சுழலில் சிக்கிய ஒரு நிரல் கணினியையே உறைய வைக்கும். ஸ்பெக்டர் வகைத் தாக்குதல்களுக்கு எதிரான காப்புகளை அணைக்கச் சொல்லும் வரியை, இணையத்தோடு இணைந்த எந்தக் கணினியிலும் நான் ஏற்கமாட்டேன்.

கற்றல்வழி ரோபோவியல் வந்தபின் இன்னொரு இழுபறி. நரம்புவலைக்கு என்விடியா அட்டை வேண்டும். அதன் இயக்கி நிரலோ நிகழ்நேரக் கெர்னலைக் கண்டால், நாம் தனியாக வற்புறுத்தாமல் நிறுவிக்கொள்ள மறுத்துவந்தது. இரண்டையும் ஒரே பெட்டியில் ஓட வைக்கப் போராடிய நேரத்தில் இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம். ஃபிராங்கா கைகளைக் கொண்டு பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உருவாக்கிய டிராய்டு தரவுத்தொகுப்பின் அமைப்பில் அப்படித்தான் செய்தார்கள்: கையோடு பேச ஒரு சிறு கணினி, காட்சிக்கும் கற்றலுக்கும் வேறொன்று. எந்த பயாஸ் அமைப்பையும்விட இந்தப் பிரிப்பு அதிகம் சாதிக்கிறது என்பது என் முடிவு.

கெர்னலையும் பயாஸையும் திருத்திவிட்டு, தன் நிரலைத் திருத்தாமல் விடுவதும் கண்கூடு. கட்டுப்பாட்டுச் சுழலுக்குள் புதிய நினைவகம் கேட்பது, கோப்பில் பதிவு எழுதுவது, நினைவகப் பக்கங்களைப் பூட்டி வைக்காமல் விடுவது ஆகிய மூன்றில் எதுவும் மில்லிநொடியைத் தின்னும். சைக்ளிக்டெஸ்ட் இதில் எதையும் பார்க்காது. கம்பி வழியே பொட்டலம் போய்வரும் நேரத்தையும் பார்க்காது. ஃபிராங்காவின் நிரலகமோ கடைசி 100 கட்டளைகளில் எத்தனை கட்டளைகள் உரிய நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தன என்பதை ஒவ்வொரு சுற்றிலும் சொல்கிறது. கையின் பக்கத்திலிருந்து வரும் அந்த எண்ணைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

ரோபோ கணினியைத் தயார்செய்யும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த அமைப்பையும் தொடும் முன் ஒருமுறை அளந்து எழுதுங்கள். ஒவ்வொன்றாக மாற்றுங்கள், மாற்றியபின் மீண்டும் அளந்து எழுதுங்கள். எண் அசையவில்லை என்றால் அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பயாஸ் பதிப்பு, கெர்னல் பதிப்பு, சோதனை ஓடிய நேரம், கண்ட உச்சத் தாமதம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, கணினிப் பெட்டியின் மேலேயே ஒட்டி வையுங்கள்.