கூடாத அழைப்பின் கணக்கு

1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கான இணையச் சேவையைச் சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில் தொடங்கியது. பட்டாசுக்கும் அச்சுக்கும் நாடெங்கும் ஆர்டர் பிடிக்கும் சிவகாசியிலிருந்து அந்த நகரங்களுக்கு டயல் செய்தால் அன்று அது வெளியூர் அழைப்பு. எதிர்முனை மோடம் எடுத்த கணமே மீட்டர் ஓடும். இணைப்பு கூடியதா என்று அது பார்க்காது. யூனிக்ஸில் டயல்-அப் இணைப்புக்கு டிபக் பதிவு அமைப்பதை ஒரு கைவினையாக நான் மதிப்பது இதனால்தான். கூடாத அழைப்புக்குக் கொடுத்த காசுக்கு ஈடாக எதையாவது பெற்றுத்தந்தது அது ஒன்றே.

இணைப்பை நடத்தும் நிரலான பிபிபிடி-யின் ஆப்ஷன்ஸ் கோப்பில் 'டிபக்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. பல கணினிகளில், பதிவுகளை வாங்கி எழுதும் சிஸ்லாக், 'இன்ஃபோ' நிலைக்குக் கீழே வருவதையெல்லாம் உதறிவிடும். டிபக் அதற்கும் கீழ். போதாக்குறைக்கு, பிபிபிடி எழுதுவது 'டீமன்' என்ற பதிவுப் பிரிவு வழியாக. எண்ணைச் சுழற்றி லாகின் சொல்லும் 'சேட்' நிரல் எழுதுவது 'லோக்கல்2' வழியாக. இரண்டையும் ஒரே கோப்புக்குத் திருப்பினால்தான் டயலிலிருந்து முறிவுவரை நடந்தது வரிசையாகக் கிடைக்கும். அதற்குச் சிஸ்லாக்கின் அமைப்புக் கோப்பில் எழுதும் ஒற்றை வரியின் நடுவே டேப் இருக்க வேண்டும். ஸ்பேஸ் இருந்தால் பழைய சிஸ்லாக்டி ஏற்காது.

பிறகு கிடைக்கும் வாசிப்பு அருமையானது. மூன்று நொடிக்கு ஒருமுறை, அடையாள எண்கூட மாறாமல், ஒரே இணைப்புக் கோரிக்கை பத்துமுறை போகும், பதில் இல்லை. கடைசியில், லைன் 8-பிட் சுத்தமாக இல்லை, வந்த எழுத்து எதிலும் மேல் பிட் இல்லை என்றொரு புகார். டெலிபோன் லைன்தான் மோசம் என்று எவரும் முடிவுகட்டிவிடுவார்கள். பெரும்பாலும் லைன்மேல் பழியில்லை: எதிர்முனை இன்னும் வெறும் எழுத்தில் லாகின் பெயரைக் கேட்டுக்கொண்டிருக்கிறது, சேட் ஸ்கிரிப்ட் அவசரப்பட்டு முடிந்துவிட்டது. நாம் அனுப்பியதே திரும்பி வந்தால், எதிரே இருப்பது எதிரொலிக்கும் லாகின் திரை. இரு பக்கமும் ஒப்புக்கொண்டபின் மறுப்பு வந்தால், பாஸ்வேர்டைப் பார்க்க வேண்டும்.

இத்தனை பாடு எதற்கு, மறுபடி டயல் செய்தால் ஆயிற்று என்பார்கள். லைனில் இரைச்சல் என்றால் அது சரி. ஸ்கிரிப்டில் பிழை என்றால் பத்தாவது அழைப்பும் அதே இடத்தில் விழும், பத்துக்கும் பில் வரும். பாஸ்வேர்டு பதிவில் கசியும் என்ற அச்சம் இதைவிட நியாயமானது. அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: சேட் ஸ்கிரிப்டில் பின்சாய்கோட்டோடு 'க்யூ' இட்டால், பதிவில் அந்தச் சொல்லின் இடத்தில் கேள்விக்குறிகள் மட்டும் நிற்கும். கோப்பை ரூட் மட்டும் படிக்கும்படி பூட்டுவது நம் பொறுப்பு. டிஸ்க் நிரம்பும் என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு பேச்சுவார்த்தை சில டஜன் வரிகள்தான். பாக்கெட்டின் உள்ளடக்கத்தையே கொட்டும் 'கேடிபக்'தான் நிரப்பும், அதைத் தொடாமல் விடுவதில்தான் தேர்ந்த கை தெரிகிறது.

டயல்-அப் போய்விட்டதே என்றால், மோடத்தின் கீச்சொலிதான் போனது. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் பிபிபிஓஇ முறையில் வந்தது; லினக்ஸ் கணினியிலிருந்து நேரே இணைத்தால் அதே பிபிபிடி, அதே கோரிக்கையை, அதே டிபக் வரிகளோடு அனுப்புகிறது.